அத்தை தாண்டிய மூங்கில்

கண்ணுகளா, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெல்லப் படியேறுகிறாரே என் அத்தை, அவர் ஒரு காலத்தில் தன் நெஞ்சளவு உயரத்தைத் தாண்டியவர் என்றால் சிரிக்கிறீர்கள். நான் கண்ணால் பார்த்தவன். எழுதித் தருகிறேன், படித்துவிட்டுச் சிரியுங்கள்.

காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவின் தங்கையான அத்தை கோயமுத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தார். லீவில் வந்தால், விடியலில் ஆட்டுப்பட்டியின் படலைத் தாண்டிப் பழகுவார். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவருவார். கத்தரிக்கோல் விரிவதுபோல் முதலில் ஒரு கால், பிறகு மறு கால். ஆடுகள் மிரளும். என் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். அவர் பார்த்தும் பார்க்காதவர்போல் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் பல ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டுப் போட்டிக்கு அத்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஊருச்சனம் பாக்க வயசுப்புள்ள காலை வீசித் தாண்டறதாங்க? நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவங்க என்ன சொல்லுவாங்க?”

அத்தை சோறு தொடவில்லை. அப்பாரு வெற்றிலையை மென்றபடி, “நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்” என்றார்.

“செவப்பு வந்தா போட்டியுமில்லை, படிப்புமில்லைங்க” என்றார் அப்பா.

வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம். அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

பொட்டலம் கட்டியவர் அப்பாரு. வாழைநாரில், கன்றுக்குப் போடுகிற அதே முடிச்சு. எடுக்கப் போனவன் நான். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். எடுத்ததைப் பூசாரி பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை!

“ஆத்தாளே சொல்லிப்போட்டா” என்று அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டார். மற்றதைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. பூசாரி அதை விளக்கு மாடத்தில் செருகினார்.

மறுநாளே போட்டி. அப்பா திட்டிக்கொண்டேதான் என்னையும் கூட்டிப் போனார். அவ்வளவு பெரிய மைதானத்தை நான் பார்த்ததே இல்லை. சுண்ணாம்புக் கோடுகள், ஒலிபெருக்கி, கல்லூரிக்கு ஒரு நிறத்தில் உடுப்பு. மணல் குழிக்கு முன்னால் இரண்டு கம்பம், நடுவே மூங்கில். அதை ஏற்ற ஏற்ற ஒவ்வொருத்தியாக விலகினார்கள். கடைசியில் அத்தையும் மெட்ராஸ்காரி ஒருத்தியும். அவள் மூன்று முறையும் தட்டிவிட்டாள். அத்தையும் இரண்டு முறை தட்டிவிட்டார். இதுதான் கடைசி.

“ஏ, பட்டிக்காட்டு வெள்ளாடே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை ஓடிவந்தார், எழும்பினார். எங்கள் படலின் உயரம் இல்லை அது. இறங்க மறந்துவிட்டவர்போல் ஒரு கணம் வானத்திலேயே இருந்தார். குதிகால் பட்டு மூங்கில் ஆடியது. ஆடி ஆடி, விழாமல் நின்றது.

பக்கத்தில் நின்ற நடுவரின் கைகளில் இரண்டு கொடிகள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வெள்ளையை உயர்த்தினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இங்கேயும் பூக் கேட்கிறார்கள்!

அப்பா துண்டை விலக்கி, கத்தியவன் பக்கம் திரும்பினார். “ஏனுங்க தம்பி, அந்த வெள்ளாடு எங்க ஊட்டுதுங்க.”

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கொடிகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நடுவர் கையில் சிவப்பும் தெரிந்ததே. கோயிலில் சிவப்பை நான் பார்க்கவே இல்லையே? மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகப் போய், மாடத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

வாடிய நந்தியாவட்டை.

அத்தை தாண்ட வேண்டுமென்று ஆத்தா சிவப்பையே வெள்ளையாக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூவை அதே இலையில் மடித்து, நாரைச் சுற்றி, மாடத்தில் வைத்தேன். அப்பாரு போட்ட முடிச்சு மட்டும் எனக்கு வரவில்லை.