தேங்காய் எண்ணெயும் அடையாறு பாலமும்

போன வருடம் மாசி மாதத்தில் நடந்தது இது. மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அந்தச் சமயத்தில் என் கணவரின் பழைய ரேஸ் சைக்கிள், பால்கனியில் துணி காயப்போடும் கொடியாக மாறியிருந்தது. ஹேண்டில் பாரில் துண்டு, சீட்டில் தலையணை உறை. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மனிதர் கிளம்பிவிடுவார். அடையாறு பாலம் ஏறி, திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கம் கடற்கரை வரை போய்விட்டு, நான் காபி போடும் நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார். பிறகு பக்கவாதம் வந்தது. கடவுள் புண்ணியத்தில் பேச்சு தப்பியது, கால்களும் மெதுவாகத் தேறின. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. அந்தச் சைக்கிளில் கியர் மாற்ற வலது கை வேண்டும். தினமும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் சொன்னார். “வித்துடு. பாக்கப் பாக்க என்னமோ பண்ணுது.”

எனக்கு உள்ளூர நிம்மதி. குளியலறையில் விழுந்து கிடந்தவரை ஒரு தடவை தூக்கியவள் நான். ரோட்டில் விழுந்தால் தூக்க என் உடம்பில் தெம்பில்லை, மனசிலும் இல்லை. அன்றைக்கே போட்டோ எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டேன்.

பாலவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். சைக்கிளிலேயே வந்திருந்தாள். வந்தவள் பின்சக்கரத்தைத் தூக்கி பெடலைச் சுற்றிப் பார்த்தாள். செயின் அசையவில்லை. விரலால் தொட்டாள், பசை மாதிரி ஒட்டியது.

“ஆன்ட்டி, இதுல என்ன போட்டீங்க?”

“வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேங்கா எண்ணெய்தான் போடுவேன். நல்லதுதானே?”

“தலைக்கு நல்லது” என்றாள் சிரிக்காமல். “பரவால்ல, எனக்கு இந்தச் செயினும் வேணாம், கியரும் வேணாம். எல்லாத்தையும் கழட்டிட்டு சிங்கிள் ஸ்பீடா மாத்தப் போறேன்.”

அதுவரை ஹாலில் டி.வி.யைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். “கியரை ஏம்மா கழட்டற?”

“மெட்ராஸ்ல மலையா இருக்கு அங்கிள்? ஒரே ஒரு கியர் போதும். கைக்கு வேலையே இல்ல. மிதிச்சா போகும்.”

வெளி ஆட்கள் வந்தால் அவர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொள்வார். அன்றைக்கு அந்தக் கை மெல்ல வெளியே வந்தது. “பிரேக்கு?” என்று கேட்டார். அந்தப் பெண் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். “ஒரே லீவர்ல ரெண்டு பிரேக்கையும் கட்டலாம் அங்கிள். இடது கைல.”

நான் குறுக்கே போய் நின்றேன். “நேரமாச்சு, நீ எடுத்துட்டுக் கிளம்பும்மா” என்று அவசரப்படுத்தினேன். அவளோ சைக்கிளைப் பழையபடி சுவரில் சாய்த்து வைத்தாள். “இத நான் எடுத்துட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது ஆன்ட்டி. சனிக்கிழமை டூல்ஸோட வந்து அங்கிளுக்கே மாத்தித் தரேன்.”

வாங்க வந்தவள் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, இவளை யார் கேட்டார்கள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அவள் லிஃப்டுக்குள் நுழைந்ததும் அவரிடம் சண்டைக்கு நின்றேன்.

“விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“விழுந்தா எழுந்துப்பேன். இப்ப விழாமலே படுத்துதான கெடக்கேன்.”

பிசியோதெரபி செய்ய வருபவராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், கூட ஆள் இருந்தால் மெதுவாக ஓட்டலாம் என்று அவரும் கட்சி மாறிவிட்டார்.

சனிக்கிழமை பால்கனியில் பழைய பேப்பர் விரித்து வேலை ஆரம்பமானது. அவள் கியர் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வளைந்த ஹேண்டில் பாருக்குப் பதில் நேரானதைப் பொருத்தினாள். இடது பக்கம் ஒற்றை பிரேக் லீவர் வந்தது. இவர் இடது கையால் ஸ்பேனர் பிடிப்பார், வலது கை செய்ய வேண்டியதை நான் செய்வேன். “அப்படி இல்ல, இந்தப் பக்கம் திருப்பு. போல்ட்டு திருப்பறியா, மாவு பிசையறியா?” என்று அதட்டினார். ஒரு வருடமாக மாத்திரை போட்டீர்களா, செருப்பு போட்டீர்களா என்று நான்தான் அவரை விரட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாக இருந்தது.

பின்சக்கரத்துக்கு ஒரே ஒரு பல்சக்கரம்தான் வைக்க முடியும். எதை வைப்பது என்று பேச்சு வந்தது. பெரிசாக வைத்தால் மிதிப்பது சுலபம், வேகம் குறைவு. சிறிசாக வைத்தால் வேகம், ஆனால் மூச்சு வாங்கும். “அடையாறு பாலம் ஏறணும். அதுக்கு எது சரியோ அத வை” என்றார். சாதாரண ஆளுக்கு அந்தப் பாலம் ஒரு மேடே இல்லை. அவருக்கு அன்றைக்கு அதுதான் இமயமலை. அவள் பெரிய பல்சக்கரத்தையே வைத்தாள். புதுச் செயினை அளவாக வெட்டி மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கினாள். சாயங்காலம் எங்கள் தெருவிலேயே ஓட்டிப் பார்த்தார். பிரேக் கப்பென்று பிடித்தது. மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள். “ஆன்ட்டி, செயின்ல மட்டும் தேங்கா எண்ணெய் போட்றாதீங்க.”

போடவில்லை. செயினில் ஒரு சொட்டுக்கூடப் போடவில்லை.

ஆனால் புது வண்டி மாதிரி ஆன ஒன்றைப் பூஜை போடாமல் எப்படி ரோட்டில் இறக்குவது? அதுவும் இந்த மனிதர் ஏறப்போகும் வண்டி. அவர் தூங்கிய பிறகு ஹேண்டில் பாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், பூச் சுற்றினேன். சக்கரத்தின் இரும்பு வளையம் மங்கலாக இருந்தது. செயினுக்குத்தானே ஆகாது என்றாள்? பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ‘அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு’ என்று வேண்டிக்கொண்டே இரண்டு வளையங்களையும் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

விடிந்தும் விடியாத நேரம். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். முன்னால் அந்தப் பெண், நடுவில் இவர், பின்னால் ஸ்கூட்டியில் நான். ரோடு காலியாக இருந்தது. மெதுவாகத்தான் போனார், நிற்க வேண்டிய இடத்தில் காலை ஊன்றிக்கொண்டார். பிரேக்குக்கு வேலையே வரவில்லை. பாலத்தில் ஏறும்போது தோள்கள் இரண்டும் ஆடின. இறங்கித் தள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறக்கத்தில்தான் வினை. சைக்கிள் வேகமெடுத்தது. இடது கை லீவரை இறுக்கிப் பிடித்திருப்பது எனக்குத் தெரிகிறது, வேகம் குறையவில்லை. அந்தப் பெண்ணையும் தாண்டிப் போய்விட்டார். கீழே சந்திப்பில் சிகப்பு விளக்கு. பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு மாநகரப் பேருந்து திரும்புகிறது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. பேருந்து கிறீச்சிட்டுக் குலுங்கி நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் சைக்கிள் கடந்து போய், அவர் இடது செருப்பைத் தரையில் தேய்க்கத் தேய்க்க, நடைபாதை ஓரம் போய் நின்றது. விழவில்லை.

டிரைவர் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். டிரைவரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இவருடைய மடங்கிய கையையும் பார்த்தார். தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

“இன்னா சார், பிரேக் புடிக்கலியா? சைக்கிள் ஓரமாவே கீது, நீயும் குந்து. தண்ணி குடி மொதல்ல.”

டிரைவர் நிதானமாகப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்வரை பின்னால் நின்ற ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்கவில்லை.

அந்தப் பெண், பிரேக் கட்டைகள் பிடிக்க வேண்டிய சக்கரத்து வளையத்தை விரலால் தடவி மோந்து பார்த்தாள். எண்ணெய் மின்னிய விரலை என்னிடம் காட்டினாள். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவரோ சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கோண, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். “ஒரு வருஷமா என்னைக் காப்பாத்தின. ஒரே ராத்திரில கணக்க முடிக்கப் பாத்தியே?”

“போதுங்க. ஆட்டோல வீட்டுக்குப் போயிடலாம்” என்றேன்.

“தொடச்சிக் குடு” என்றார். “பாலம் ஏறியாச்சு. பீச்சையும் பாத்துட்டு வந்துடறேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். எதிரே டீக்கடையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வாங்கி வந்தேன். இரண்டு வளையங்களையும், பிரேக் கட்டைகளையும் நானே தேய்த்துக் கழுவி, என் துப்பட்டாவால் துடைத்தேன். அவர் தள்ளிப் பார்த்து லீவரை அழுத்தினார். கிறீச் என்று ஒரு சத்தம். மயிலாப்பூரில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அவ்வளவு சுகமான சத்தத்தைக் கேட்டதில்லை.

“நீ பின்னாடி வராத. முன்னாடி போயி திருவான்மியூர் ஓட்டல்ல பொங்கல் சொல்லி வை” என்றார்.

போனேன். கண்ணாடியில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் போனேன். தட்டில் பொங்கல் ஆறியது, என் உயிர் என்னிடம் இல்லை. கடைசியில் ஓட்டல் வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் வேர்வையும் காலெல்லாம் கடல் மணலுமாக வந்து நின்று, “வடை சொல்லலையா?” என்று கேட்டார்.

இந்த ஆயுத பூஜைக்கும் அந்தச் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தேன், பூ வைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் அடுக்களையிலேயே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிளம்பும்போது என் பயத்தையும் அந்தக் கிண்ணத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, சிரித்த முகமாக வாசல் வரை வந்து அனுப்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.