பச்சை பெல்ட்டுக்குள் போன கைத்துப்பாக்கி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நாலு வரி எழுதினால் ஐந்தாவது வரியில் கொட்டாவி வருகிற ஆள் நான். பள்ளிக்கூடம் ஏழாவதோடு என்னைக் கைகழுவியது. அதற்கு முன்பே நான் அதைக் கைகழுவியாயிற்று. ஆனால் இந்தச் சங்கதியை வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. என் முகத்தில் எப்போதும் ஒரு நக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு எரிகிறது என்று நான் கத்தினாலும் தெருவே சிரிக்கும். தாளில் முகம் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ரங்கூனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஜப்பான் வண்டி. பின்கதவு திறக்க வெளியிலிருந்து ஒரு தட்டும் உள்ளிருந்து ஓர் உதையும் வேண்டும். அந்த வருஷம் எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுகிற ஒருவரை, விமான நிலையம் இருக்கிற மிங்கலாடோன் தாண்டிப் போகிற ரோட்டில், பட்டப்பகலில், பின் சீட்டிலிருந்து நைலான் கயிறு போட்டு இறுக்கிவிட்டார்கள். உயிர் பிழைத்தார். காரும் குரலும் போய்விட்டன. பார்க்கப் போனபோது சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி பேசினார்.

"பின்னாடி பாத்து ஓட்டு" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். ஏறுகிறவன் எல்லாம் கயிறு வைத்திருப்பதாகப் பட்டது. கூடையோடு ஏறிய ஒரு பர்மாக்காரக் கிழவியிடம், உள்ளே கோழிதானா என்று கேட்டுவிட்டேன். அவள் கோழியை எடுத்து என் தோள்மேல் வைத்தாள். சந்தேகம் தீரவில்லை. கோழிக்கு அடியில் என்ன இருந்ததோ?

கடைசியில் ஒரு துப்பாக்கி வாங்கிவிடுவது என்று, ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் போய், க்யிம்யிண்டைங்கில் ஆற்றோரம் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். முன்னாள் கப்பல்காரர். எங்கள் பேச்செல்லாம் பர்மீஸில்தான். பெரியவர் என்பதால் 'அகோ' என்றேன், அண்ணன் என்று. மாடியில் ஒரு பழைய கைலியை விரித்து இரண்டு துப்பாக்கிகளை வைத்தார்.

"எது வேணும்? பெரிசா, சின்னதா?" மீன் வாங்க வந்தவனைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

பெரியதுதான் அழகு. சுழல்கிற குண்டுக்கூடு, தேய்ந்த மரப்பிடி. எடுத்து இடுப்பில் கைலிக்குள் செருகினேன். இரண்டடி நடந்தேன். துப்பாக்கியும் கைலியும் சேர்ந்து கணுக்காலுக்கு வந்துவிட்டன. கால்சட்டை போடுகிற ஊர்க்காரன் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இருபது தடவை முடிச்சை அவிழ்த்துக் கட்டுகிறவன் எங்கே வைப்பான்?

அப்போதுதான் வாப்பாவின் பச்சை பெல்ட் ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட், பையும் பொத்தானும் வைத்தது. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு போனேன். சின்னது அந்தப் பைக்குள் அச்சாக உட்கார்ந்தது. நான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் பெல்ட் தேர்ந்தெடுத்தது.

"இது சுடுமா அகோ?"

"சுடலேன்னா வந்து சொல்லு."

"வந்து சொல்ல நான் இருக்கணுமே."

அவர் சிரிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் வருஷக்கணக்கில் ஜெயில் என்பது இருவருக்கும் தெரியும். யாரிடம் வாங்கினேன் என்பதை உம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார்.

கட்டிக்கொண்டு திரிவது வாங்குவதைவிடப் பெரிய பாடு. டீக்கடையில் முக்காலி முழங்கால் உயரம்கூட இருக்காது. உட்கார்ந்தால் இரும்பு விலாவில் குத்தும். வெயில் கொளுத்துகிற மாசத்தில் சட்டைக்கு மேல் ஒரு கோட்டு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குள் கொண்டுபோக மனசு வராமல் கார் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத் தொழப் போனேன். தொழுகை முழுக்க மனசு சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

ஒரு தடவை பலன் கிடைத்தது. இரண்டு தடியன்கள் ஏறி, விமான நிலையத்துக்கு அப்பால் போகச் சொன்னார்கள். கண்ணாடியில் ஒருவன் அடிக்கடி முன்னால் குனிவதைப் பார்த்தேன். கோட்டை விலக்கி, கையைப் பெல்ட்டின் மேல் வைத்தேன். பின்னால் பேச்சு நின்றது. பாதி வழியில், "இங்கேயே இறங்கிக்கிறோம், ஸயா" என்றான். டிரைவரை எவனாவது ஸயா, வாத்தியாரே, என்று கூப்பிடுவானா? குனிந்து கும்பிட்டுவிட்டு வேறு போனார்கள். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மடையன்.

என் கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். என்னைவிடப் பெரிய நக்கல்காரன். வெளிநாட்டு வானொலிச் செய்தியை வீட்டில் போர்வைக்குள் கேட்டு, காலையில் எங்கள் தெருவில், காக்கா என்று, அண்ணன் என்று, நாங்கள் கூப்பிடுகிறவர் வைத்திருந்த டீக்கடையில், டீயை ஊதுகிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வாசிப்பான். ராணுவ ஆட்சிக் காலம். அடுத்த தெருவில் இப்படிப் பேசின ஒருத்தனை அழைத்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதனால் நாங்கள் நாலு பேருக்குமேல் அந்த மேஜையில் யாரையும் விட மாட்டோம்.

ஒரு நாள் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பின்னாலிருந்து வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். எப்போதும் செய்கிற சேட்டைதான்.

"என்ன மச்சான், கோட்டெல்லாம்? பொண்ணு பாக்கப் போறியா?"

அவன் கை பெல்ட்டில் பட்டது. ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டான். எதிரில் உட்கார்ந்து, பன் தின்றான்.

"இன்னிக்கு என்ன சேதி?" என்றேன்.

"சேதியா? எனக்கென்ன தெரியும். மழை லேட்டாகும்ங்கிறாங்க."

மறுநாளும் மழைப் பேச்சுதான். அதற்கு மறுநாள் பந்தாட்டம். மற்ற இருவரும் வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. கண்டுபிடித்துவிட்டான், எங்கேயோ சொல்லப் போகிறான். இல்லாவிட்டால் ஏன் என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறான்? அவன் யாருடன் எழுந்து போகிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று காரை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை. அவன் இரண்டு தடவையும் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் அவனைக் காணோம். கடைக்காரக் காக்கா, பத்து வருஷமாக என்னைக் கழுதை என்று கூப்பிட்டவர், என் மேஜையைத் தானே துடைத்தார்.

"உக்காருங்க தம்பி. நம்ம கடையில யாரும் ஒண்ணும் பேசறதில்ல தம்பி. டீ குடிப்பாங்க, போவாங்க. எழுதுறதா இருந்தா அப்படியே எழுதிக்கங்க."

"எழுதறதா? காக்கா, எனக்கு எழுதவே வராது!"

அவர் சிரித்தார். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அந்த நாளில் எங்கள் ஊரில் சாதாரண உடுப்பில், கோட்டுக்குள் துப்பாக்கியோடு, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரே ஜாதி: உளவுக்காரன். தடியன்கள் எனக்கு ஏன் கும்பிடு போட்டார்கள் என்பதும் விளங்கியது. கயிற்றுக்குப் பயந்து நான் கட்டினதைப் பார்த்து, ஊரே எனக்குப் பயந்துகொண்டிருந்தது.

நேராகக் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவன் உம்மா கதவைப் பாதிதான் திறந்தார். மகன் த்வாண்டேயில் மாமா வீட்டில் இருக்கிறான், உடம்பு சரியில்லை, எதுவும் தெரியாத பிள்ளை என்று மூச்சுவிடாமல் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவர் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

மறுநாள் காலை ஆற்றைக் கடந்து, லைன் கார் என்கிற பயணிகள் வண்டியில் தொங்கிக்கொண்டு த்வாண்டே போனேன். துப்பாக்கியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழப்பம். அது இருந்தால் பிடிக்க வந்தவன் மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் நான் சொல்வதற்கு என்ன சாட்சி? கொண்டுதான் போனேன்.

கால்வாய்க் கரையில், வைக்கோல் சுற்றிப் பானைகளைப் படகில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

"தனியாத்தான் வருவாங்க."

"டேய், லூசு. நான் அவங்க ஆளு இல்ல. இது திருட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் கிடையாது. நீ ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா நான் உள்ள. என் குடுமிய உன் கையில குடுத்துட்டேன், போதுமா?"

பானையைக் கீழே வைத்தான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். நம்பப் போகிறான் என்று எனக்குப் பட்டது.

"யார்கிட்ட வாங்கினே?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் ஒரு மாசமாகக் கண்ணாடியையே பார்த்துப் பழகின புத்தி.

"அத எதுக்குக் கேக்குறே?" என்றேன்.

"பாத்தியா" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி பானையை எடுத்துக்கொண்டான்.

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையைக்கூட அவன் நடிப்பு என்று நினைத்திருப்பான். பெல்ட் பொத்தானைத் திறந்து, துப்பாக்கியை அவன் கண்முன்னால் வெளியே எடுத்தேன். அவன் படகோரத்தில் ஒட்டிக்கொண்டான். நான் கையை ஓங்கி, கால்வாயின் நடுவில் அதை எறிந்தேன். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தவளை குதித்த அளவுக்குத்தான் சத்தம்.

"போச்சு. இனிமே நான் வெறும் டிரைவர். வீட்டுக்கு வாடா, உம்மா அழுவுறாங்க."

தண்ணீரில் வட்டம் அடங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த பானைக்கு வைக்கோலைப் பிரித்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"இது போனா என்ன, ஒனக்கு வேற ஒண்ணு குடுப்பாங்க."