சாந்தோம் ரோசம்மாள் வேண்டாமென்ற நாற்காலி

சென்ற வியாழக்கிழமை காலை, ஸ்டுடியோவுக்குப் புறப்படுவதற்காக வயலினை உறையில் வைத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பட்டினப்பாக்கத்திலிருந்து அந்தோணி வந்திருந்தார். கட்டுமரத்தில் மீன்பிடிப்பவர், ரோசம்மாளின் தம்பி. சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

“ஐயரே, அக்கா பூட்ச்சு. ஜெபமாலை சொல்லிக்கினே இருந்துச்சு. அப்டியே செவுத்துல சாஞ்சிட்ச்சு.”

உள்ளிருந்து வந்த என் மனைவிதான் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். “அவா நம்மாத்துக்கு வந்தா தெருக்கோடி வரைக்கும் குரல் கேக்குமே” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

யுத்தத்துக்கு முன்பு நாடகம் பார்த்தவர்களுக்குச் சாந்தோம் ரோசம்மாளைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மாதா கோயிலில் பாடிப் பழகியவர். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த எங்கள் நாடகக் கம்பெனியில் அவர்தான் கதாநாயகி. மைக் இல்லாத கொட்டகையில் அவர் பாடினால், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவர் கையிலிருக்கும் கடலையை மெல்லாமல் கேட்பார். நான் பிடில் வாசிக்கச் சேர்ந்த முதல் நாள், எல்லாப் பாடகர்களிடமும் செய்வதுபோல் அவர் குரலுக்குப் பின்னாலேயே பணிந்து வாசித்தேன். பாட்டை நிறுத்திவிட்டார்.

“ஐயரே, இன்னாத்துக்கு பயந்துக்கினு பின்னால வர்றீங்க? பக்கத்துல வாங்க. இடறுனா நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து பக்கத்தில்தான் வாசித்தேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது எங்கள் கம்பெனியும் கலைந்தது. பெட்டி படுக்கையோடு போனவர்கள் திரும்பி வந்தபோது கொட்டகை அரிசிக் கிடங்காகியிருந்தது. நான் சினிமா வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். சில மாதங்களில் ரோசம்மாளுக்கும் அழைப்பு வந்தது. பெரிய முதலாளி, பெரிய படம். கதாநாயகிக்கு அழகு இருந்தது, பாடச் சாரீரம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ரோசம்மாள் பாட வேண்டும். அந்த அம்மாள் வாயசைப்பார். படத்தில் பெயர் போட மாட்டார்கள்.

தியாகராய நகரில் முதலாளியின் வீட்டுக்கு அவரை அழைத்துப்போனவன் நான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார்.

“என் கொரலுக்கு எதுக்கு நைனா வேற ஒருத்தி மூஞ்சி? எனக்குன்னு ஒண்ணு கீதே.”

வெளியே வந்ததும் நான் வாதாடினேன். காலம் மாறுகிறது, இனி எல்லாப் படமும் இப்படித்தான் வரும் என்றேன். அவர் அசையவில்லை. அடுத்த வாரமே ஒரு சின்ன முதலாளியின் படத்தில் பூக்காரி வேஷத்துக்கு ஒப்புக்கொண்டார். சின்ன வேஷம்தான். ஆனால் சொந்த முகத்தோடு இரண்டு பாட்டு.

அந்தப் படப்பிடிப்பில் நானும் வாசித்தேன். மைக்கைக் கழியில் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். விளக்குச் சூட்டில் கூடையிலிருந்த பூ வாடிப்போயிற்று, அவர் வாடவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் விளக்குக்காரர்கள் மேலே பரணிலிருந்து கை தட்டினார்கள்.

அப்போது யுத்தத்தால் பிலிம் கிடைக்கவில்லை. படத்தின் நீளத்துக்குச் சர்க்கார் கட்டுப்பாடு வந்தது. சின்ன முதலாளி கதையைக் காப்பாற்றிக்கொண்டு பாட்டுகளை வெட்டினார். ரோசம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் மாலைக் காட்சிக்கு, மீன் விற்கும் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு மயிலாப்பூர்க் கொட்டகைக்கு வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். பூக்காரி கூடையோடு வந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், வாயைத் திறந்தாள். அடுத்த காட்சியில் வக்கீல் வீட்டு வரவேற்பறை.

“இன்னாடி ரோசு, பாட்டு எங்கடி?” என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்.

“கத்திரிக்கோல்ல மாட்டிக்கினுச்சு. கம்முனு கதைய பாருங்கடி” என்றார் ரோசம்மாள். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். நான்தான் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

பெரிய முதலாளியின் படத்தில் அவருடைய இடத்துக்குக் கோமளா என்ற புதிய பாடகி வந்திருந்தார். இசைத்தட்டு வெளியாகி, பாடியது யார் என்று ஊரெல்லாம் விசாரித்தது. ஒருநாள் லஸ் முனையில் காப்பி ஹோட்டல் ஒன்றிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. ரோசம்மாள் சாலையோரம் நின்று முழுவதும் கேட்டார்.

“நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்கிட்டா. மத்தபடி நல்லாத்தான் பாடுறா” என்றார். சிறிது தூரம் நடந்த பிறகு, “நான் வாங்கியிருக்க மாட்டேன்” என்றார்.

அவர் எடுத்த முடிவு தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது அதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது. பின்னணிப் பாட்டின் முதல் வாசல் அவருக்காகத் திறந்தது, அவர் நுழையவில்லை. அதன்பின் வெகுகாலம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் அவரே எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கோரஸில் பாட வந்திருப்பதாகச் சொன்னார். அன்று முன்னால் நின்று பாட வேண்டியவர் கோமளா. ரோசம்மாளைப் பார்த்ததும் அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கள் வாத்தியங்கள் எல்லாம் நின்றன.

“ஒக்காரும்மா” என்றார் ரோசம்மாள். “அந்த நாற்காலி எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் வேணாம்னேன். நீ ஒண்ணும் புடுங்கிக்கல.”

“உங்களுக்கு வருத்தமே இல்லையா அக்கா?”

“இல்லாம இருக்குமா? ராவெல்லாம் அழுதிருக்கேன். அதுக்காக உன் பாட்ட நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்? பாடு, கேக்கலாம்.”

ஒத்திகை தொடங்கியது. நாடகக் கொட்டகைக் குரல் கோரஸில் அடங்குமா? மற்ற பெண்கள் எல்லோரையும் தாண்டி அவர் குரலே மைக்கில் விழுந்தது. “அம்மா, கொஞ்சம் பின்னால போங்க” என்றார் இசையமைப்பாளர். போனார். “இன்னும் கொஞ்சம்.” போனார். கடைசியில் கதவை ஒட்டி நின்றுகொண்டு, “இனிமே ரோட்லதான் நைனா நிக்கணும். பஸ்ஸு ஏறி அடையாறுல எறங்கட்டுமா?” என்றார். கோமளாவும் சிரித்தார். அன்று முதல் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒரு படத்தில் கடல் காட்சி வந்தது. மனிதர் யாரும் இல்லை; அலையும் தொலைவில் படகுகளும் மட்டும். அதன் மேல் ஒரு பெண்குரல் பாட வேண்டும். “இது என்னால் ஆகாது, ரோசக்காவைப் பாடச் சொல்லுங்கள்” என்றவர் கோமளாதான். ரோசம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வாயசைக்கிறது யாரு?”

“யாருமில்லை. கடல்தான்” என்றார் இசையமைப்பாளர்.

“அப்ப சரி. கடலு என் சொந்தக்காரன்தான்.”

அந்தப் படத்திலும் அவர் பெயர் வரவில்லை. ஆனாலும் குப்பத்துப் பெண்களை மறுபடி அழைத்துப்போனார். இந்த முறை நான் கடைசிவரை இருந்தேன். பாட்டு தொடங்கியதும் அவர்கள் போட்ட சத்தத்தில் முதல் அடி எனக்குக் கேட்கவே இல்லை. ரோசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வெட்கப்படும் புதுப்பெண்ணைப்போல உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்துவந்தோம். வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்குமுன் கோமளா அந்தக் கடல் பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் அடியில் அழுதுவிட்டார். மீன் விற்கப் போகாமல் வந்து நின்ற பெண்கள் அந்த அடியைப் பிடித்துக்கொண்டார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது. ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. பெட்டி தெருமுனை திரும்பும் வரை பாடினார்கள்.

சென்று வாருங்கள், ரோசம்மா. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். எனக்கு அந்தப் பெருமை போதும்.