பாதி காலியான டிஸ்க்கில் இடமில்லை

நேற்று பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் பஜ்ஜியைப் படம் எடுக்கப் போனேன். 'இடமில்லை' என்றது போன். அவ்வளவுதான், பஜ்ஜி மறந்தே போனது. அந்த வார்த்தையைப் பார்த்தால் என் மனசு இன்றும் எங்கள் ஒரகடம் ஃபேக்டரியின் பழைய நாட்களுக்கு ஓடிவிடும்.

அப்போது அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். வேலையும் நிரந்தரமாகவில்லை. லைன் முடிவில் ஒவ்வொரு பிரேக் பாகத்தையும் ஒரு கேமரா படம் எடுக்கும். படம் சர்வரில் ஏறினால்தான் அடுத்தது நகரும். கேமரா வந்த ஆயுத பூஜையன்று முதல் படம் எலுமிச்சம்பழத்துக்குத்தான். அது போய் விழுந்த ஃபோல்டருக்கு 'வல்லக்கோட்டை' என்று முருகன் ஊரின் பெயரையே வைத்தார்கள். அந்த வருடம் ஒரு பாகமும் புகாராகித் திரும்பவில்லை. ராசியான ஃபோல்டர்! வேறு திறக்கவே கூடாதென்று தடுத்தவர் லைன் சூப்பர்வைசர் ஜெயசீலன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான் முருகன் ஃபோல்டருக்குக் காவல். லட்சலட்சமாகப் படங்கள் அதிலேயே குவிந்தன.

ஒரு மதியம் லைன் நின்றது. திரையில் 'இடமில்லை'. கார் கம்பெனிக்குப் போகவேண்டிய லாரி கேட்டில் நிற்கிறது. அது போகாவிட்டால் அங்கே கார் லைன் நிற்கும். நின்றால் எனக்கு வேலை போகும். நிதானமாக யோசித்தேன் என்று எழுத ஆசைதான். பாகங்களின் படங்களைத் தவிர கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன், சர்வரில் பதுக்கியிருந்த என் கல்யாண வீடியோ உட்பட. அப்புறம்தான் டிஸ்க்கைப் பார்க்கவே தோன்றியது. முதலிலிருந்தே பாதிக்கு மேல் காலி.

"இன்னா சார், டிஸ்க் காலியா கீதுன்றீங்கோ, இடமில்லைன்றீங்கோ. கலாய்க்கிறீங்களா?" என்றார் ஜெயசீலன்.

சர்வர் தன் பதிவில் ஒரு வரி எழுதியிருந்தது: இந்த ஃபோல்டரின் பெயர் அட்டவணை நிரம்பிவிட்டது. எனக்குச் சிலிர்த்தது. அந்த அட்டவணை ஒரு தலைகீழ் மரம். கோப்பின் பெயரை அரைத்து எண்ணாக்கி வேரிடம் காட்டினால், எந்தக் கிளை என்று சொல்லும். கிளை எந்த இலை என்று சொல்லும். இலையில் கோப்பின் விலாசம். லட்சம் பெயருக்கு நடுவே ஒன்றைப் பிடிக்க இரண்டே தாவல்! இதைக் கண்டுபிடித்த புண்ணியவானை, அந்தப் பீதியிலும், கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் எங்கள் சர்வரில் மரம் அதற்கு மேல் உயராது; இலைகள் நிரம்பினால் புதுப் பெயருக்கு இடமில்லை.

ஜெயசீலனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகள் உண்டு. அதை வைத்தே கேட்டேன்: சுற்றிலும் மனை காலி, உங்கள் கட்டடத்தில் அறைகள் நிரம்பிவிட்டன, மேலே மாடி போட அனுமதி இல்லை; புதிதாக வருகிறவரை எங்கே வைப்பீர்கள்?

"பக்கத்துல இன்னொரு வூடு கட்டுவேன். ஆனா சார், ஃபோல்டர் பேர மட்டும் மாத்தாதீங்கோ. ராசி பூடும்."

அங்கேதான் பொறி தட்டியது. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். அதற்கு உள்ளே ஓர் இலையையும் தொட வேண்டியதில்லை, கண் சிமிட்டும் நேரம். பிறகு 'வல்லக்கோட்டை' என்றே காலியாகப் புதியது திறந்தேன். கேமராவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. படம் ஏறியது, லைன் நகர்ந்தது, லாரி கிளம்பியது. ஜெயசீலன் சர்வருக்குச் சிலுவை போட்டார். நான் குதித்ததில் நாற்காலி சக்கரம் ஒன்று கழன்று ஓடியது.

வேலை நிரந்தரமானது. இப்போது படங்களெல்லாம் எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்த கணினிகளுக்குப் போகின்றன; நாளுக்கொரு ஃபோல்டர் தானே பிறக்கிறது. எதுவும் நிரம்புவதில்லை, யாரும் என்னைத் தேடி ஓடிவருவதுமில்லை. போன வாரம் கேன்டீனில் ஜெயசீலன் அக்கறையாகக் கேட்டார்:

"சார், நீங்கோ இப்போ இன்னா வேலதான் பாக்குறீங்கோ?"

நல்லவேளை, சாம்பார் வாளி வந்தது.