பேனையை மூடி வைத்தவர்

மூன்று வயதாகியும் பேசாத என் மகளைத் தூக்கிக்கொண்டு, ஆமி செக்பொயின்ற்களில் பஸ்ஸால் இறங்கி ஏறி, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை சமூக சேவை அலுவலகத்துக்கு நாலு தரம் போனேன். அங்கே பிள்ளைகளைப் பதிகிற மனுசி தடித்த கண்ணாடி போட்டிருப்பார். பெயர், விலாசம் எல்லாம் பேனையால் எழுதுவார். குறைபாட்டின் வகை என்ற கட்டம் வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு, ‘வளர்ச்சித் தாமதம்’ என்று பென்சிலால் எழுதுவார். அந்தப் படிவத்தைக் கொடுத்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்ற பேச்சுப் பயிற்சி நிலையத்தில் பென்சில் எழுத்து செல்லாது.

“மிஸ், இந்த முறையும் ஃபோமைத் திருப்பித் தந்திட்டினம். பேனையால எழுதுங்கோ.”

“அஞ்சு வயசு மட்டும் பொறுங்கோ தங்கச்சி. பேனையால ஒரு பேரைப் போட்டா, பிறகு ஒருத்தரும் அதை மாத்த மாட்டினம்.”

“அதுவரைக்கும் பிள்ளைக்கு ஆர் பயிற்சி குடுக்கிறது?”

அவர் பென்சிலைச் சீவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் தரம் போனபோது அவர் லீவு. பக்கத்து மேசைக்காரர் பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்காமல், ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று பேனையால் எழுதி முத்திரை குத்தித் தந்தார். இரண்டு நிமிட வேலை. நான் கேட்டதும் அதைத்தான்.

அந்தப் படிவத்தை நான் எங்கேயும் கொடுக்கவில்லை. அடுத்த கிழமை மறுபடியும் அந்த மனுசியின் வரிசையில் போய் நின்றேன், அதே எரிச்சலோடு.