கூட்டம் பார்த்த பெட்டி

கல்யாண வீட்டில் கேமரா தூக்கினால் சனம் சிரிக்கும்; கூட்டத்தைக் கண்காணிக்கத் தூக்கினால் முறைக்கும். இரண்டையும் செய்து பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் வீடியோ கடை வைத்திருந்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த சேவியர் சார் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். கேமராவில் தெரியும் கூட்டம் நகராமல் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்தும். நெரிசலை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்பது சாரின் ஆசை. கேமராவும் ஒயரும் என் பொறுப்பு.

பஸ் ஸ்டாண்டில்

முதல் சோதனை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், எதிரே காதர் பாய் கடை மாடியிலிருந்து. ஆரம்பித்ததிலிருந்து கம்ப்யூட்டர் ஓயாமல் கத்தியது. எட்டிப் பார்த்தால், சேத்தூர் பஸ்ஸுக்காக ஐம்பது பேர் அசையாமல் நிற்கிறார்கள். சார் முகம் வாடிப்போனது. பாய் டீ கிளாஸை நீட்டியபடி சொன்னார்: "பஸ்ஸு வார வரைக்கும் இது கத்தத்தான் செய்யும் சார். அவிய நிக்காம எங்க போவாக?"

மலைப்படியில்

பாய் சொன்ன பிறகுதான், நிற்பதோடு, தலைகளை எண்ணி நெருக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி சார் மாற்றி எழுதினார். புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படிக்கட்டைப் பார்த்துக் கேமராவை வைத்தோம். திடீரென்று தூறல். படி முழுக்கக் கறுப்புக் குடை விரிந்தது. தலைகள் மறைந்ததும், மலையில் ஆளே இல்லை என்றது கம்ப்யூட்டர். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு முத்தையா திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, இம்புட்டுச் சனம் நிக்கி, ஒம் பெட்டி ஒருத்தரும் இல்லங்குது. அப்ப நான் வீட்டுக்குப் போகட்டா?"

தேரோட்டத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கும் அதே ஏட்டு, அதே பெட்டி. ரதவீதியில் இறங்கும் குறுகலான சந்து ஒன்றைப் பார்த்துக் கேமரா; பக்கத்து மாடி அறையில் நாங்கள். தேர் நெருங்கும் நேரம் கம்ப்யூட்டர் கத்தியது. திரையில் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் பஸ் ஸ்டாண்ட் கதைதான் என்று அணைக்கக் கை நீட்டினேன். சார் தடுத்தார். "எதுக்கும் ஒரு எட்டு பாத்துருவோமே" என்று ஏட்டு இறங்கி ஓடினார்.

சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே சிக்கியிருந்தது. அது தெரியாமல் பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சுவரோடு நசுங்கி, மூச்சு முட்டி நின்றாள் ஒரு கர்ப்பிணி. ஏட்டும் நாலு பேரும் வண்டியைத் தூக்கி ஓரங்கட்டினார்கள், சனம் கலைந்தது. சனம் விலகிய பிறகுதான் திரையில் எனக்கே அது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்?

சோடா குடித்துத் தெளிந்த பிறகு, ஏட்டு விஷயத்தைச் சொல்ல, அந்தப் பெண் எங்கள் அறைக்கே வந்தாள். கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டாள். "நான் கத்துனது பக்கத்துல நின்னவுகளுக்கே கேக்கல. இதுக்குக் கேட்டுருக்கே, இது நல்லா இருக்கணும்யா."

எழுதியவர் சார், ஓடியவர் ஏட்டு, அணைக்கப் பார்த்தவன் நான். கும்பிடு பெட்டிக்குப் போனதில் எங்கள் மூவருக்குமே பரம திருப்தி.