சிவலிங்கம் அண்ணன் தேதியை மாற்றச் சொன்னார்

சிவலிங்கம் அண்ணன் இன்று காலையில் போய்விட்டார்.

கோயில் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரிதான் வந்தது. கீழே நாற்பது பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. எட்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவன் எந்தக் கையைப் போடுவது...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தபால்காரர். நான் அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, கெம்பஸ் போய், வரலாறு படிப்பிக்கும் வாத்தியார்.

நாங்கள் இரண்டு பேரும் ஐந்து வருடம் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். தோட்டத்து ஆட்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் போய், பக்கத்திலுள்ள பழைய இடங்களையும் பூந்தோட்டங்களையும் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்குவோம்.

ஒரு பயணத்துக்கு ஒரு விஷயம்தான். அது அவருடைய யோசனை. பல மேடைகளில் என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் பயணம் கதவு நாள். "எல்லாத்தையும் பாத்தா ஒண்ணும் மனசுல நிக்காது சார். இன்னைக்குக் கதவு மட்டும் பாப்போம்" என்றார். இரத்தினபுரியில் ஒரு பழைய கோயில் கதவு. பிறகு எம்பிலிப்பிட்டிய பக்கம் ஒரு வலவ்வை, அந்தக் காலத்துச் சிங்களப் பிரபு ஒருவரின் மாளிகை. அதன் வாசலில் வைத்து, எங்களோடு வந்த கருப்பாயி அக்கா சிவலிங்கம் அண்ணனைச் சீண்டினார்.

"இம்மாம் பெரிய கதவுக்கு லெட்டர் வந்தா எப்புடிப்பா தட்டுவ?"

"நான் ஏங்க்கா தட்டுறேன்? பின்னால குசினி இருக்கும்ல. அங்க குடுத்துட்டு, ஒரு ப்ளேன்டீயும் குடிச்சிட்டு வருவேன்."

அந்த மாளிகையைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசினேன். ஊருக்குத் திரும்பி எல்லோரும் சொன்னது அந்தச் சமையலறைக் கதையை.

திட்டம் போடும்போது கக்கூஸ் எங்கே, பஸ் எங்கே திரும்பும், முழங்கால் வலிக்காரர்கள் எத்தனை படி ஏறவேண்டும்... இதைத்தான் கொப்பியில் முதலில் எழுதுவார். சரித்திரத்துக்குக் கடைசிப் பக்கம். எனக்கு எரிச்சலாக வரும்.

பூந்தோட்ட நாளில் ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குப் போனோம். காவலுக்கு இருந்த வொச்சரிடம் அண்ணன் சிங்களத்தில் என்ன பேசினாரோ, புல்தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட விட்டுவிட்டான். சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்குள் இரண்டு மூன்று பெண்களின் கை தானாகப் புல்லுக்குள் போய்க் களை பிடுங்க ஆரம்பித்துவிட்டது.

"யக்கா, இன்னைக்கு யாரும் பேரு போட மாட்டாங்க. கைய மடியில வைங்க" என்றார். ஒரு நாள் வேலையைப் பதிவதைத்தான் எங்கள் பக்கம் பேர் போடுவது என்போம். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் பிடுங்கியதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

கல்லறை நாள் என்னுடையது. முழுக்க என்னுடையது.

பெயர் வெட்டிய துரைமார் கல்லறைகளை முதலில் பார்ப்பது. பிறகு, தேயிலைக்குள் நம் ஆட்களைப் புதைத்த இடத்தில், ஒரு கல்கூட இல்லாத இடத்தில், போய் நிற்பது. எனக்குப் படிப்பித்த பேராசிரியரை அழைத்தேன். ஒரு ஞாயிறு குறித்தேன்.

"தேதிய மாத்துங்க சார். மழ விட்டு கொழுந்து கூடிருச்சு. ஞாயித்துக்கெழமையும் கொழுந்து பறிக்க மலைக்குக் கூப்புடுவாங்க."

பேராசிரியருக்கு அந்த ஞாயிறுதான் வசதி. மாற்றவில்லை.

ஐம்பது சீட் பஸ்ஸில் ஒன்பது பேர்.

பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒன்பது பேருக்கு முன்னால் சிவலிங்கம் அண்ணனிடம் கேட்டேன். "தபாலோட சேத்து, போகாதீங்கன்னும் லயம் லயமா சொல்லிட்டு வந்தீங்களா?"

அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கடைசிவரை கூடவே வந்தார்.

அன்று பின்னேரம் தங்கச்சி வீட்டுக்குப் போய், நீகூட வரவில்லையே என்று கோபப்பட்டேன்.

"எல்லாரும் மலைக்குப் போயிட்டோம்ணே. இது கொழுந்து மாசம்னு ஒனக்குத் தெரியாதா?"

லயத்தில் பிறந்தவன். எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது பேருக்கு முன்னால் சொன்னதை ஒன்பது பேருக்கு முன்னால்தானே திருப்பி எடுக்கவேண்டும்... முடியவில்லை.

பிறகு பயணங்களை அவர் தனியாக நடத்தினார். பத்திரிகையில் அவர் படத்தோடு செய்தி வந்தது. அதில் நான் "ஆசிரியர் ஒருவர்". அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டினேன். இப்போதும் அது உறுத்துகிறது, பொய் சொல்லமாட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் அவரே கிட்ட வந்தார். மெலிந்திருந்தார்.

"கல்லற நாள மறுபடி வைக்கிறேன் சார். வெயில் மாசத்துல, கொழுந்து கொறஞ்ச நேரமா பாத்து. இப்பவே பஸ் ரொம்பிருச்சு. நீங்க வந்து பேசணும். எனக்கு அந்தச் சரித்திரமெல்லாம் வராது."

"ஒங்க பிக்னிக்குக்கெல்லாம் வர எனக்கு நேரமில்ல."

"சரிங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு அவருடைய பஸ் வந்தது.

அந்தப் பயணம் அடுத்த மாதம். நடக்குமா, நடக்காதா என்று இப்போது குரூப்பில் கேட்கிறார்கள். சார் வருவாரா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இங்கே எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன், அண்ணே. நீங்கள் யாரையும் தடுக்கவில்லை. பிழை என்னுடையது.

போயிட்டு வாங்க.